வைக்கோல் சும்மாடு

1

என் அப்பத்தா துணிச் சும்மாடு வைத்து நான் பார்த்ததில்லை. தலையில் வைக்கோல் சும்மாடுதான் வைப்பாள்.

உச்சிப்புளி ரயிலடிக்குத் தெற்கே, தென்னந்தோப்புகளைத் தாண்டி எங்கள் குடியிருப்பு. நான் சிறுவனாக இருந்த காலத்தில் தெருவுக்குக் குழாய் வரவில்லை. மணலில் ஊற்றுத் தோண்டி, ஊறுகிற தண்ணீரைச் செரட்டையால் கோரிக் கோரி ஊற்ற வேண்டும். கோடையில் ஒரு குடம் நிறைவதற்குள் விடிந்துவிடும். அம்மா, சித்தி, அக்கா எல்லோரும் பழைய சேலைக் கிழிசலைச் சுருட்டிச் சும்மாடு கட்டிக்கொள்வார்கள். அப்பத்தா மட்டும் வைக்கோலைப் பிரியாகத் திரித்து வளையமாகச் சுற்றி வைத்திருப்பாள். எங்கள் பக்கம் மணல்காடு, வைக்கோல் லேசில் கிடைக்காது. கிடைக்காத நாட்களில் காய்ந்த கோரையைப் பிடுங்கிக்கொண்டு வந்து திரிப்பாள். அவள் எடுக்கிற குடமும் மண்குடம்தான். அப்பா சம்பாதித்து வாங்கிய பித்தளைக் குடம் புளி போட்டு விளக்கி மூலையில் கவிழ்த்திருக்கும். அம்மா அதை எடுத்துப்போவாள். அப்பத்தா தொடமாட்டாள்.

எட்டு ஒன்பது வயதில் நான் கேட்டிருக்கிறேன்: "ஏன் அப்பத்தா, துணியில கட்டுனா என்னவாம்?"

"வைக்கலுதான்யா தலைக்குக் குளுச்சி. எங்காத்தா அப்பிடித்தான் வச்சா, நானும் வைக்கிறேன்."

அதற்குமேல் நானும் கேட்கவில்லை. கிழவிக்கு அது பழக்கம் என்று விட்டுவிட்டேன். அது பழக்கமில்லை, ஒரு உத்தரவு என்பது 1986இல் மதுரையில் கல்லூரி நூலகத்தில் ஒரு ஆங்கிலப் புத்தகத்தைப் புரட்டும்போதுதான் எனக்குத் தெரிந்தது.

2

அந்தப் புத்தகத்தை எழுதியவர் ஜே.எச். ஹட்டன். 1931ஆம் ஆண்டு இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஆணையராக இருந்த வெள்ளைக்காரர். இந்தியாவில் சாதி பற்றி அவர் எழுதிய புத்தகம் 1946இல் வெளிவந்தது. தேர்வுக்குக் குறிப்பெடுக்கத்தான் அதை எடுத்தேன். ராமநாதபுரம் என்ற பெயரைக் கண்டதும் நின்றேன்.

அப்போதைய ராமநாதபுரம் ஜில்லா பெரியது. இன்றைய சிவகங்கையும் விருதுநகரும் அதற்குள்தான் இருந்தன, பிரிந்தது 1985இல். அப்பத்தா பிறந்தது தேவகோட்டைப் பக்கத்தில். அங்கிருந்துதான் கடற்கரைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். அவளுக்கு விவரம் தெரியும் வயதில் அந்த ஜில்லாவில் நடந்ததை ஹட்டன் எழுதியிருக்கிறார்.

1930 டிசம்பரில் கள்ளர் சமூகத்து நாட்டார்கள் கூடி, தாழ்த்தப்பட்ட மக்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். பொன், வெள்ளி நகை போடக்கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக்கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. தலைமுடியைக் கிராப்பு வெட்டிக்கொள்ளக்கூடாது. வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு பாத்திரம் புழங்கக்கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மேலுடம்பை மறைக்கக்கூடாது. பூ வைக்கக்கூடாது, மஞ்சள் பூசக்கூடாது. வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக்கூடாது, காலில் செருப்புப் போடக்கூடாது.

மீறினவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. தானியக் குதிர்கள் நாசமாக்கப்பட்டன. ஆடுமாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். இதுவும் ஹட்டன் எழுதியிருப்பதுதான்.

அப்படியும் எட்டுத் தடைகளும் சரிவரப் பலிக்கவில்லை. ஆகவே 1931 ஜூனில் மறுபடியும் கூடிப் பதினோரு தடைகளாக்கினார்கள். இதில் ஆதிதிராவிடர், தேவேந்திரகுல வேளாளர் என்று சாதிப் பெயர் சொல்லியே தடை போட்டார்கள். நகைக்கும் முழங்காலுக்குக் கீழ் இறங்கும் துணிக்கும் தடை தொடர்ந்தது. பிள்ளைகள் எழுதப் படிக்கக் கூடாது. மிராசுதாரரின் மாடு மேய்ப்பதுதான் அவர்களுக்கு வேலை. ஆணும் பெண்ணும் பண்ணையில் அடிமையாக உழைக்க வேண்டும். வாரத்துக்கோ குத்தகைக்கோ நிலம் பிடிக்கக்கூடாது. சொந்த நிலம் இருந்தால் அதை மிராசுதாரருக்கு அடிமாட்டு விலைக்கு விற்றுவிட வேண்டும். விற்காவிட்டால் பாசனத் தண்ணீர் கிடையாது. மழையை நம்பி விளைந்தாலும் அறுப்புக்கு வரும்போது கொள்ளையடிக்கப்படும். காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரை கூலி வேலை. ஆணுக்கு நாலணா, பெண்ணுக்கு இரண்டணா. கல்யாணத்தில் மேளம் கூடாது. தாலி கட்டுமுன் குதிரையில் ஊர்வலம் போகும் வழக்கத்தை நிறுத்த வேண்டும். பல்லக்கு வேண்டுமென்றால் வீட்டுக் கதவைக் கழற்றிப் பல்லக்காக்கிக்கொள்ளலாம்; வேறு எந்த வாகனமும் கூடாது.

அதில் மூன்றாவது தடை: பெண்கள் மண்குடத்தில்தான் தண்ணீர் எடுக்க வேண்டும், செம்பு பித்தளை கூடாது. குடத்தைச் சுமக்கத் தலைக்கு வைக்கோல்தான் வைக்க வேண்டும், துணி வைக்கக்கூடாது.

நூலகத்தில் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மூலையில் கவிழ்த்து வைத்த பித்தளைக் குடம் கண்முன் வந்தது. தடை போட்டவர்கள் செத்துப்போய்விட்டார்கள். வெள்ளைக்காரன் போய்விட்டான். ஜமீன் ஒழிந்துவிட்டது. அரசியல் சட்டம் வந்து 36 வருஷம் ஆகிவிட்டது. தேவகோட்டையிலிருந்து எத்தனையோ மைல் தள்ளி, உச்சிப்புளி மணலில், பார்க்கவோ கேட்கவோ ஒரு மிராசுதாரரும் இல்லாத இடத்தில், என் அப்பத்தா அந்த மூன்றாவது தடைக்குக் கீழ்ப்படிந்துகொண்டிருந்தாள்.

3

முதலில் எனக்கு அழுகைதான் வந்தது. பிறகு பல வருஷம் அந்தப் பட்டியலைக் கூட்டங்களில் படித்துக் காட்டியிருக்கிறேன். படிக்கும்போதெல்லாம் கூட்டம் தலையைக் குனிந்துகொள்ளும். 'எவ்வளவு கேவலமாக இருந்திருக்கிறோம்' என்று யாராவது ஒருவர் சொல்வார். பட்டியலைத் தப்பாகப் படிக்கிறோம் என்பது எனக்கே வெகு காலம் கழித்துத்தான் உறைத்தது.

யாரும் செய்யாத ஒன்றுக்குத் தடை போடமாட்டார்கள். சட்டை போடாதே என்று 1930இல் உத்தரவு போட்டார்கள் என்றால், நம்ம ஆட்கள் அதற்கு முன்பே சட்டை போட்டுக்கொண்டு தெருவில் நடந்திருக்கிறார்கள். பித்தளைக் குடம் கூடாது என்றால் நம் வீடுகளில் பித்தளைக் குடம் வந்துவிட்டது. பிள்ளைகள் படிக்கக்கூடாது என்றால் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். சொந்த நிலத்தை விற்றுவிடு என்றால் நம்மிடம் சொந்த நிலம் இருந்தது. குதிரை ஊர்வலத்தைப் பட்டியலே 'வழக்கம்' என்றுதான் சொல்கிறது. தாலி கட்டப் போகும் மாப்பிள்ளைகள் ஏற்கெனவே குதிரையேறிப் போயிருக்கிறார்கள்.

எட்டு ஏன் பதினொன்றாயிற்று? எட்டையும் நம்மவர்கள் மதிக்கவில்லை. குடிசை எரிந்த பிறகும் மதிக்கவில்லை. ஆறு மாதத்தில் மறுபடி கூட வேண்டிய அவசியம் நாட்டார்களுக்கு வந்தது அதனால்தான்.

இப்படிப் படித்தால் அந்தப் பட்டியல் நம் அவமானக் கணக்காக இருக்காது. நம் முன்னோர்கள் எதையெல்லாம் தாங்களாகவே எடுத்துக்கொண்டார்கள் என்பதற்கு எதிராளி எழுதிவைத்த சாட்சியம் அது. உரிமை என்பது 1950இல் டெல்லியிலிருந்து நமக்கு வந்த தானம் என்று மேடைகளில் பேசுகிறார்கள். அதற்கு இருபது வருஷம் முன்பே ராமநாதபுரம் ஜில்லாவின் கூலிக்காரர்களும் குத்தகைக்காரர்களும் அதை நடத்திக் காட்டியிருக்கிறார்கள். அரசியல் சட்டம் அதைப் பிற்பாடு எழுத்தில் ஏற்றுக்கொண்டது.

4

எதிர்த்து நின்றவர்கள் உண்டு. நிற்க முடியாதவர்கள் ரயிலேறினார்கள்.

உச்சிப்புளிக்கு அடுத்துக் கிழக்கே மண்டபம். 1914இல் பாம்பன் பாலம் திறந்தபின் மண்டபம் வழியாகத் தனுஷ்கோடிக்கு ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் என்று இலங்கைப் பாதை ஏற்பட்டது. தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் சேர்த்த ஆட்களை மண்டபம் கேம்பில் நிறுத்தி, மருந்தடித்து, ஊசி போட்டு, காலரா, பிளேக் இல்லையென்று பார்த்துத்தான் கப்பலேற்றுவார்கள். அப்படிப் போனவர்களில் பெரும்பகுதி ஒடுக்கப்பட்ட சாதியார்.

அப்பத்தாவின் மூத்த அண்ணன் அந்த வழியில் போனவர். அப்பாவுக்குத் தாய்மாமன். போட் மெயில் உச்சிப்புளியைக் கடக்கும் சத்தம் கேட்டால் அப்பத்தா கையில் உள்ள வேலையை நிறுத்திவிடுவாள். "எங்கண்ணன் இந்த ரயில்லதான்யா போனான். கிராப்பு வெட்டிட்டான்னு ஊர்ல நிக்கவிடலை." கிராப்பு வெட்டினால் ஊரில் நிற்க விடமாட்டார்களா என்று சிறுவயதில் நான் சிரித்திருக்கிறேன். எட்டில் நாலாவது தடை அது.

இலங்கையில் அவர் கொழுந்துக் காட்டில் உழைத்தார், கல்யாணம் பண்ணினார், பிள்ளைகள் பெற்றார். 1948 நவம்பர் 15ஆம் தேதி இலங்கைக் குடியுரிமைச் சட்டம் அமலுக்கு வந்தது. அதே ஆண்டு பிப்ரவரியில்தான் இலங்கை சுதந்திரம் அடைந்திருந்தது. தகப்பனோ பாட்டனோ இலங்கையில் பிறந்ததற்கு அத்தாட்சி காட்டு என்றது சட்டம். கூலி லயத்தில் பிறந்தவனுக்கு ஏது அத்தாட்சி? ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட மலையகத் தமிழர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். 1949இல் ஓட்டும் போயிற்று.

1964 அக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். மக்களை நெல்மூட்டை மாதிரி பங்கு போட்டார்கள். அப்பாவின் தாய்மாமன் எழுபதுகளில் 'தாயகம் திரும்பியோர்' என்ற பெயரில் ராமேஸ்வரத்தில் வந்து இறங்கினார். மறுபடி மண்டபம் கேம்ப். அங்கிருந்து நீலகிரித் தேயிலைக் காட்டுக்கு அனுப்பினார்கள். போகும் வழியில் ஒரு ராத்திரி எங்கள் வீட்டில் தங்கினார். அப்பத்தா அவர் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். நரைத்துப் போயிருந்தாலும் கிராப்பு அப்படியே இருந்தது.

தடைப் பட்டியலுக்கு அஞ்சி ஊரைவிட்டுப் போனவருக்கு, போன இடத்தில் நாடே இல்லாமல் போயிற்று. இதை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் அரசியல் சட்டத்தின் 14ஆவது, 21ஆவது பிரிவுகள் 'எந்த நபருக்கும்' என்று பேசுகின்றன. சட்டத்தின் முன் சமம், உயிர், தனிமனித சுதந்திரம் இவை யாருக்கும் உண்டு. ஆனால் பேச, கூட, சங்கம் சேர, நாடெங்கும் நடமாட, குடியிருக்க, தொழில் செய்ய உரிமை தருகிற 19ஆவது பிரிவு 'குடிமக்களுக்கு' மட்டும். சாதி காட்டிப் பொதுக் கிணற்றையும் பொது வழியையும் மறிக்காதே என்கிற 15ஆவது பிரிவும் குடிமக்களைத்தான் சொல்கிறது.

மண்டபம் கேம்பில் இன்னும் இலங்கை அகதிகள் இருக்கிறார்கள். அங்கே 1986இல் பிறந்த ஒரு பெண், தான் இந்தியக் குடிமகள்தான் என்று வழக்காடி, 2022இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஜெயித்தார். 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன் என்பது 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தில் எழுதப்பட்டுத்தான் இருக்கிறது. எழுதி இருப்பதை வாங்க அவருக்கு 36 வயது ஆகவேண்டியிருந்தது. அதற்குப் பின் அந்தக் கேம்பில் பிறந்த பிள்ளைகளுக்கு அந்த வழியும் இல்லை.

'குடிமகன்' என்ற வார்த்தையே நம் ஊர்களில் வேறு. ஊருக்கு ஊழியம் செய்கிறவன்தான் குடிமகன். முடி வெட்டுகிறவரை, துணி வெளுப்பவரைத்தான் அப்படிச் சொன்னார்கள். அந்த வார்த்தைக்கு உரிமை உள்ளவன் என்ற அர்த்தத்தை ஏற்றியது அரசியல் சட்டம். ஊர் பழைய அர்த்தத்தை இன்னும் மறக்கவில்லை.

5

இலங்கையில் குடியுரிமை பறிபோன அதே நவம்பரில், பதினாலு நாள் கழித்து, 1948 நவம்பர் 29ஆம் தேதி, டெல்லியில் அரசியல் நிர்ணய சபை தீண்டாமை ஒழிப்புப் பிரிவை ஏற்றுக்கொண்டது. நகலில் அது 11ஆவது பிரிவு. இன்றைய 17ஆவது பிரிவு. சென்னை மாகாணத்திலிருந்து போன வி.ஐ. முனுசாமிப் பிள்ளை அதை வரவேற்றுப் பேசினார். பிரிவு நிறைவேறியதும் சபையில் எழுந்த கோஷம் 'மகாத்மா காந்திக்கு ஜே' என்பது. சட்டத்தை வரைந்த குழுவின் தலைவர் அம்பேத்கர் அதே சபையில்தான் இருந்தார்.

தீண்டாமை என்றால் என்னவென்று சட்டத்தில் விளக்கம் இல்லையே என்று அன்று கே.டி. ஷா கேட்டார். விளக்கம் சேர்க்கப்படவில்லை, இன்றும் இல்லை. எங்கள் ஜில்லாக்காரனுக்கு அந்த விளக்கம் தேவைப்படாது. எட்டும் பதினொன்றும் விளக்கம்தான்.

நான் பள்ளிக்கூடத்தில் குடிமையியல் படித்தபோது அடிப்படை உரிமைகள் ஏழு என்று மனப்பாடம் செய்தேன். 1978இல் 44ஆவது திருத்தம் சொத்துரிமையை அந்தப் பகுதியிலிருந்து எடுத்தபின் ஆறு. வாத்தியார் சொல்லிக்கொடுத்தது இது: அடிப்படை உரிமை என்பது அரசாங்கத்திடமிருந்து குடிமகனைக் காப்பது. அமெரிக்காவில் அப்படி, பிரான்சில் அப்படி, இங்கேயும் அப்படி.

பாதி சரி. வெள்ளைக்காரத் தேசத்தில் ராஜாவிடம் அடிபட்டவர்கள் உரிமையை எழுதினார்கள், ஆகவே அது அரசைப் பார்த்துப் பேசியது. நம்மை அடித்தது ராஜா மட்டுமில்லையே. சட்டையைக் கிழித்தது கலெக்டர் இல்லை, ஊர். தண்ணீரை மறித்தது ஊர். குதிரையிலிருந்து இறக்கியது ஊர். அரசாங்கத்தைக் கட்டிப்போடுகிற உரிமை மட்டும் எழுதியிருந்தால் ஊர் சிரித்துக்கொண்டே தன் வேலையைப் பார்த்திருக்கும். அம்பேத்கருக்கு அது தெரியும். 1927இல் மகாடில் சவதார் குளத்துத் தண்ணீரைக் கையில் அள்ளிக் குடித்தவர் அவர். அந்தக் குளத்தைச் சட்டப்படி எல்லாருக்கும் திறந்துவிட்ட பிறகும் தண்ணீர் எடுக்கவிடாமல் மறித்தது ஊர்தான்.

அதனால்தான் நம் அடிப்படை உரிமைகளில் சில, ஊரையும் நேராகப் பார்த்துப் பேசுகின்றன. 15ஆவது பிரிவின் இரண்டாவது உட்பிரிவு கடை, உணவு விடுதி, கிணறு, குளம், படித்துறை, சாலை என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்கிறது. உலகத்து அரசியல் சட்டங்களில் கிணறும் படித்துறையும் எங்கே வரும்? 17ஆவது பிரிவு அரசு செய்யக்கூடாது என்று சொல்லி நிற்கவில்லை. யார் செய்தாலும் குற்றம் என்கிறது. 23ஆவது பிரிவு வெட்டி வேலையையும் கட்டாய உழைப்பையும் யார் வாங்கினாலும் தடுக்கிறது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவதே கட்டாய உழைப்புதான் என்று 1982இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பதினொன்றில் ஆறாவது, ஒன்பதாவது தடைகளுக்கு இது பதில்.

பதில் இல்லாத இடமும் உண்டு. குழந்தை உழைப்பைத் தடுக்கும் 24ஆவது பிரிவு தொழிற்சாலை, சுரங்கம், ஆபத்தான வேலை என்று நிற்கிறது. மிராசுதாரரின் மாட்டுக்குப் பின்னால் போகிற பையன் அதில் வரமாட்டான். பிள்ளைகள் படிக்கக்கூடாது என்ற தடைக்கு நேர் பதிலான 21ஏ பிரிவு வர 2002 ஆயிற்று. தடை எழுதி 71 வருஷம். அந்த உரிமையை நடைமுறைப்படுத்தும் சட்டம் அமலானது 2010 ஏப்ரலில். அந்த இடைவெளியில் எத்தனை தலைமுறை மாடு மேய்த்தது என்பதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

6

காகிதத்தில் எழுதினது ஊருக்குள் நடக்க, யாராவது ஒருவர் அதை நடந்து காட்ட வேண்டியிருக்கிறது. எங்கள் மாவட்டத்தில் அப்படி நடந்து காட்டியவர் இம்மானுவேல் சேகரன்.

செல்லூரில் 1924இல் பிறந்தவர். 1942 இயக்கத்தில் சிறை போனவர். பிறகு ராணுவத்தில் சேர்ந்து, ஊர் திரும்பித் தீண்டாமைக்கு எதிராக மக்களைத் திரட்டினார். 1957 தேர்தலை ஒட்டி முதுகுளத்தூர் வட்டாரத்தில் கலவரம் மூண்டபோது, செப்டம்பர் 10ஆம் தேதி கலெக்டர் கூட்டிய அமைதிக் கூட்டத்தில் ஒடுக்கப்பட்ட மக்களின் பிரதிநிதிகளில் ஒருவராக உட்கார்ந்து பேசினார். எதிரே இருந்தவர்களில் முத்துராமலிங்கத் தேவரும் ஒருவர். மறுநாள் இரவு பரமக்குடியில் இம்மானுவேல் வெட்டிக் கொல்லப்பட்டார். 33 வயதுகூட நிரம்பவில்லை. அந்தக் கொலை வழக்கில் முதல் எதிரியாகச் சேர்க்கப்பட்ட தேவர் 1959இல் விடுதலையானார். கொலைக்குப் பின் கலவரம் பரவிக் குடிசைகள் எரிந்தன, இரு தரப்பிலும் உயிர்கள் போயின. செப்டம்பர் 14ஆம் தேதி கீழத்தூவலில் போலீஸ் சுட்டதில் மறவர் ஐந்து பேர் செத்தார்கள்.

முந்தின நாள் மேசையில் சமமாக உட்கார்ந்தவர் மறுநாள் ராத்திரி உயிரோடு இல்லை. 14ஆவது பிரிவு அமலுக்கு வந்து அப்போது ஏழு வருஷம் தாண்டியிருந்தது.

பின்னாளில் நம் மக்கள் செப்டம்பர் 11ஆம் தேதி பரமக்குடியில் அவர் நினைவிடத்தில் கூடுவதை வழக்கமாக்கினார்கள். ஆயுதமின்றி அமைதியாகக் கூடுவது 19ஆவது பிரிவு தரும் உரிமை. 2011 செப்டம்பர் 11 அன்று, அங்கே வரவிருந்த ஜான் பாண்டியனைக் கைது செய்ததை எதிர்த்து ஐந்துமுனைச் சந்திப்பில் மறியல் நடந்தது. போலீஸ் சுட்டது. செத்தவர்கள் தலித்துகள். அரசு அமைத்த நீதிபதி சம்பத் ஆணையம் துப்பாக்கிச் சூட்டை நியாயப்படுத்தி அறிக்கை கொடுத்தது.

செப்டம்பர் 11ஐயும், தேவர் குருபூஜை நடக்கும் அக்டோபர் 30ஐயும் ஒட்டி மாவட்டத்தில் தடையுத்தரவு போடுவது பல ஆண்டு வழக்கமாகிவிட்டது. முன்பு அதை 144 என்றார்கள். 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 163ஆவது பிரிவு. எண் மாறினாலும் தடை தடைதான். 1931இல் ஊர், கல்யாண ஊர்வலத்துக்கு வாகனம் கூடாது என்றது. இன்று அஞ்சலி செலுத்தப் போகிறவர்களுக்கு எந்த வாகனத்தில், எந்தப் பாதையில், எத்தனை மணிக்குள் என்று அரசாங்கம் எழுதிக் கொடுக்கிறது. கலவரம் நடக்காமல் தடுப்பது அரசின் கடமை, மறுக்கவில்லை. ஆனால் சாவுக்கு அஞ்சலி செலுத்துவதையே சட்டம் ஒழுங்குப் பிரச்சினையாக மட்டும் பார்த்துப் பழகிவிட்டால், உரிமை அனுமதிச் சீட்டாகிவிடும்.

7

1955இல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் வந்தது. 1976இல் அதைக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாற்றினார்கள். 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். அதை 2015இல் நாடாளுமன்றம் திருத்தி, 2016 ஜனவரி 26 முதல் அமலாக்கியது. அந்தத் திருத்தத்தில் 3ஆவது பிரிவில் சேர்த்த புதுக் குற்றங்களை எடுத்துப் பாருங்கள். தலித்துகளும் பழங்குடியினரும் பொது இடத்தில் செருப்புப் போடுவதை, புதுத்துணி உடுத்துவதை, சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் ஓட்டுவதை, கல்யாண ஊர்வலம் போவதை, அதில் குதிரை ஏறுவதைத் தடுப்பது குற்றம். கிணறு, குளம், குழாயில் தண்ணீர் எடுப்பதைத் தடுப்பதும் குற்றம்.

செருப்பு எட்டில் எட்டாவது. குதிரை பதினொன்றில் பதினொன்றாவது. எங்கள் ஜில்லாவில் நாட்டார்கள் எழுதி 84 வருஷம் கழித்து, இந்திய நாடாளுமன்றம் அதே செருப்பையும் அதே குதிரையையும் சட்டத்தில் எழுத வேண்டியிருந்தது. இது வெற்றியா தோல்வியா என்று மாணவர்கள் கேட்கிறார்கள். இரண்டும்தான். குற்றம் என்று எழுதவைத்தது நம் போராட்டம். எழுத வேண்டிய நிலை இருந்தது என்பது நாட்டின் லட்சணம். 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் கைது விதிகளைத் தளர்த்தியபோது நாடு முழுக்க நம் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். அதே ஆண்டு நாடாளுமன்றம் பழையபடி ஆக்கியது. எழுதினதைக் காப்பாற்றவும் தெருவில்தான் நிற்க வேண்டியிருக்கிறது.

8

1986க்கு வருகிறேன். அந்தப் பட்டியலைத் தாளில் தமிழில் எழுதிக்கொண்டு விடுமுறைக்கு ஊர் வந்தேன். சாயங்காலம் திண்ணையில் அப்பத்தாவை உட்காரவைத்து ஒவ்வொன்றாகப் படித்தேன். வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டாள். ரவிக்கைக்கு ஒன்றும் சொல்லவில்லை. கதவைப் பல்லக்காக்குவதற்கு மட்டும் லேசாகச் சிரித்தாள். வைக்கோல் வந்தபோது என் முகத்தைப் பார்த்தாள், பிறகு ஊற்றுப் பக்கம் பார்த்தாள். கூலிக்கு வந்தேன். ஆணுக்கு நாலணா, பெண்ணுக்கு இரண்டணா.

"என்னது, ரெண்டணாவா?" என்றாள். "அதையாச்சும் எங்கய்யா குடுத்தாக? எங்காத்தாளுக்கு அளந்தது அரைப்படிக் கம்பு. அதுவும் புழுத்த கம்பு. இந்தத் தாள்ல பொய்யி எழுதியிருக்காக."

எல்லாக் கொடுமையிலும் அவளுக்குக் கோபம் வந்தது அந்தப் பொய்க் கணக்குக்குத்தான். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "எங்காத்தா ஒரு நா துணிச் சும்மாடு வச்சுட்டுப் போனா. குடத்தை ஒடச்சு, துணியத் தீயில போட்டாக. மறுநாளும் வச்சுட்டுப் போனா. அப்புறந்தான் எங்கப்பன் காலைப் புடிச்சு அழுதான், எங்க ரெண்டு பேரையும் வைக்கலு வைக்கச் சொல்லி."

அவள் ஆத்தா இரண்டு முறை மீறியிருக்கிறாள். அது ஹட்டனிடம் இல்லை. எந்த ஆவணக் காப்பகத்திலும் இல்லை. அப்பத்தா சாகும்வரை வைக்கோல்தான் வைத்தாள். "கழுத்துக்குப் பழகிருச்சுய்யா" என்றாள். சட்டத்தால் அவள் கழுத்து வரை வர முடியவில்லை. அதற்காக அவளை நான் குறை சொல்லமாட்டேன். அந்த வைக்கோலுக்குள் ஒரு அப்பனின் அழுகை இருந்தது.

தோழர்களே, தடைகளின் பட்டியல் ஒரு வெள்ளைக்காரர் புத்தகத்தில் எட்டு, பதினொன்று என்று எண் போட்டு இருக்கிறது. மீறல்களின் பட்டியல் எங்கே இருக்கிறது? முதன்முதலில் சட்டை போட்டவர் யார், பித்தளைக் குடத்தோடு தெருவில் நடந்த பெண் யார், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு மாட்டுக்குத் தானே போன தகப்பன் யார்? அந்தப் பெயர்கள் நம் கிழவிகளிடமும் கிழவர்களிடமும் இருக்கின்றன. அவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அரசியல் சட்டத்தின் மூன்றாம் பகுதியை மனப்பாடம் செய்யுங்கள், தேவைப்படும். அதோடு இந்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துப்போங்கள். அப்பத்தாவிடம் போய், ஏன் அப்படிச் செய்கிறாய் என்று ஒரு தடவை கேட்டுவிட்டு, நான் எட்டு வயதில் செய்த மாதிரி எழுந்து போய்விடாதீர்கள். உட்கார்ந்து மறுபடியும் கேளுங்கள்.